ஹைமா தாண்டினால் ஒன்றரை மணி நேரம்

ஹைமா பெட்ரோல் பங்கிலிருந்து என் தம்பி யஹ்யா கடைசியாகப் பேசியது டீயைப் பற்றி. இஞ்சி போடச் சொன்னால் ஏலக்காயைப் போட்டுக் கொடுத்துவிட்டான் என்று அங்கிருந்த டீக்கடைக்காரனைத் திட்டினான். பின்னால் ஏதோ ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்தது. நான் சலாலாவில், சலாம் தெருவில், என் கடையில் உட்கார்ந்து ஒருவருடைய போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தேன். என் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியிருந்தேன். குமிழி விழாமல் ஒட்ட வேண்டுமே என்ற கவனத்தில் "ம், ம்" என்றேன்.

"சரி காக்கா, கெளம்புறேன். ஒன்றர மணி நேரம் நான் இல்ல."

"சரி."

அவ்வளவுதான். எட்டு வருடமாக வாரத்துக்கு ஒரு தடவையாவது அவன் சொன்ன வாக்கியம் அது. நான் சொன்ன பதிலும் அதுதான்.

யஹ்யா துபாய் அவீர் மார்க்கெட்டிலிருந்து சலாலாவுக்குக் காய்கறி ஏற்றிவரும், குளிர்ப்பெட்டி வைத்த சில்லர் லாரி ஓட்டினான். எல்லை தாண்டி ஓமானுக்குள் வந்தபிறகு ஒரே நேர்கோடாகப் பாலைவனம். நடுவில் ஹைமா என்ற ஊர். அதைத் தாண்டினால் தும்ரைத். தும்ரைத்திலிருந்து மலை இறங்கினால் சலாலா. ஹைமாவுக்கும் தும்ரைத்துக்கும் இடையில் ஓரிடத்தில் எங்கள் போன்கள் செத்துவிடும். லாரி வேகத்துக்கு அதைக் கடக்க ஒன்றரை மணி நேரம். அந்தப் பாதையில் ஓடும் டிரைவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அந்த இடத்துக்குள் நுழையும் முன்னால் யாராவது ஒருவரைக் கூப்பிட்டு, இனி நான் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். வெளியே வந்ததும் வந்துவிட்டேன் என்று சொல்வார்கள். யஹ்யாவுக்கு அந்த ஒருவர் நான். அதே முதலாளியிடம் வேலை பார்த்த பாண்டித்துரைக்கும் நான்தான். போன் கடைக்காரன், எப்படியும் எடுப்பான் என்ற நம்பிக்கை.

அன்றைக்கு மே மாதத்து வெயில். இரண்டு மணி நேரமாகியும் போன் வரவில்லை. டயர் மாற்றுவான், தொழுவான், சில சமயம் ஓரமாக நிறுத்திக் கண்ணயர்வான். அரை மணி, முக்கால் மணி தாமதம் சகஜம். அஸருக்குத் தொழுதுவிட்டு வந்து கூப்பிட்டுப் பார்த்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அது எப்போதும் சொல்வதுதான்.

ஆறு மணிக்குப் பாண்டித்துரை கூப்பிட்டான். அவன் அன்றைக்கு வெறும் வண்டியோடு சலாலாவிலிருந்து துபாய்க்குத் திரும்பிக்கொண்டிருந்தான். எதிர்ப்பக்கம் யஹ்யாவின் லாரி ஓரமாக, அழகாக, கோட்டுக்கு வெளியே நின்றதாம். விளக்குகள் மின்னிக்கொண்டிருந்தனவாம். தூங்குகிற மனுஷனை எழுப்பி ஒரு வார்த்தை கேலி செய்துவிட்டுப் போகலாம் என்று இறங்கிக் கதவைத் திறந்திருக்கிறான். அப்புறம் எனக்குச் சொல்வதற்காக நாற்பது நிமிடம் வந்த வழியே திரும்பி ஓட்டியிருக்கிறான், போனில் சிக்னல் கோடு வரும் வரைக்கும்.

மாரடைப்பு. நாற்பத்தொரு வயது. பின்னால் சில்லர் ஓடிக்கொண்டே இருந்ததால் தக்காளி கெடவில்லை. மறுநாள் காலை அது மார்க்கெட்டுக்குப் போய்விட்டது. சலாலாவிலேயே அடக்கினோம். சீக்கிரம் ஆள் போயிருந்தால் பிழைத்திருப்பானா என்று டாக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாது. அதைக் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்" என்றார். நல்ல மனிதர்.

ஐந்தாம் நாள் அவனுடைய போனை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுப் போலீஸ் நிலையத்தில் கொடுத்தார்கள். கடைக்குக் கொண்டுவந்து சார்ஜ் ஏற்றினேன். மூன்று மணி பத்து நிமிடத்திலிருந்து மூன்று முப்பத்துநாலு வரைக்கும் பதினோரு அழைப்புகள். பதினொன்றும் என் எண்ணுக்கு. ஒன்றுகூடப் போகவில்லை.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

அதற்கு இரண்டு வருடம் முன்னால் ஒருநாள் யஹ்யா கடைக்கு வந்தான். இந்தப் போனின் முகப்பை அதிலேயே படமாகப் பிடித்து வைத்திருந்தான். குர்ஆனைத் தடுமாறாமல் ஓதுவான், தமிழ் பேப்பரை விளம்பரம் வரைக்கும் படிப்பான், இங்கிலீஷ் மட்டும் அவனுக்கு வராது.

"காக்கா, ஹைமா தாண்டினா கோடு போயிடுதுல்ல? அந்த எடத்துல இப்படி ஒரு வரி வருது பாருங்க. என்ன போட்டிருக்கு?"

அவசர அழைப்புகள் மட்டும் என்று போட்டிருந்தது. அப்போது கடையில் நாலு பேர் நின்றார்கள். ஒருவர் மூன்றாவது தடவையாக ரீசார்ஜ் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சிக்னல் இல்லேன்னு அர்த்தம்டா" என்றேன்.

பத்தொன்பது வருடமாகப் போன் விற்கிறேன். எனக்கு அதன் அர்த்தம் தெரியும். எந்தக் கோபுரமும் இல்லாத இடத்தில் போன் வேறு மாதிரி சொல்லும். இந்த வரி வந்தால், நம் கம்பெனியின் கோபுரம் இல்லை, ஆனால் பக்கத்தில் வேறு கம்பெனியின் கோபுரம் நிற்கிறது என்று அர்த்தம். வீட்டுக்குப் பேச அது விடாது. உயிருக்கு ஆபத்து என்று போலீஸ் அவசர எண்ணான நாலு ஒன்பதை, 9999-ஐ, அழுத்தினால் விடும். இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. நான் சொல்லவில்லை. அவன் "அப்படியா" என்று போனைப் பையில் போட்டுக்கொண்டு போனான். இரண்டு வருடம் கழித்து, இருபத்துநாலு நிமிடம், அந்த வரியைப் பார்த்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டிருக்கிறான்.

ஜனவரியில் ராதிகா கடைக்கு வந்தாள். துபாயில் பிறந்து வளர்ந்த பெண், பெற்றோர் தஞ்சாவூர்ப் பக்கம். புதிதாகத் தொடங்கிய ஒரு போன் கம்பெனிக்குக் கடை கடையாகப் போய் சிம் விற்கச் சொல்வது அவள் வேலை. தோளில் பை, கையில் டேப்லட், காலில் விளையாட்டு ஷூ.

"அங்கிள், எங்களுக்கு டவரே கிடையாது" என்றாள் எடுத்த எடுப்பில்.

"டவர் இல்லாம என்னத்த விக்கிறே?"

"அதான் அங்கிள் எங்க ப்ளஸ் பாயிண்ட். இங்க இருக்கிற எல்லா கம்பெனியோட டவரும் எங்க சிம்முக்கு ஓகே. எது ஸ்ட்ராங்கோ அத எடுத்துக்கும். எமிரேட்ஸ்ல போனாலும் அதே சிம், அதே மாதிரிதான்."

"வீடு இல்லாதவன் எல்லா வீட்லயும் சாப்பிடுவான்னு சொல்ற."

அவள் சிரித்துவிட்டாள். "எக்ஸாக்ட்லி! இத நான் பிரசன்டேஷன்ல போட்டுக்கலாமா?"

நான் சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தாள். ஹைமாவுக்கும் தும்ரைத்துக்கும் இடையில் எப்படி என்று கேட்டேன். டேப்லட்டில் ஒரு வரைபடத்தை விரித்து இரண்டு விரலால் பெரிதாக்கினாள்.

"இதோ பாருங்க, ஃபுல்லா பச்சை."

"அது பாலைவனம்மா. அங்க எதுவும் பச்சை இல்ல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். என்ன புரிந்ததோ, பையிலிருந்து இரண்டு சிம்மை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "நானும் அந்த ரோட்ல போனதில்ல அங்கிள். டிரையல் சிம் இது. நீங்களே போய் செக் பண்ணுங்க. வொர்க் ஆகலைன்னா ஆகலைன்னு சொல்லுங்க, நான் ரிப்போர்ட் பண்றேன்."

வியாபாரத்துக்கு வந்த ஆள் தெரியாது என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த வாரம் பாண்டித்துரை லோடு இறக்கிவிட்டுக் கடைக்கு வந்தபோது ஒரு சிம்மை அவன் முன்னால் நகர்த்தினேன். முதுகுளத்தூர்க்காரன். என்னைவிடப் பத்து வயது சின்னவன். அந்தப் பாதையில் மாதம் ஏழெட்டு தடவை போய்வருகிறவன். யஹ்யா போன பிறகு அவன் ஹைமாவிலிருந்து "ஒன்றர மணி நேரம் நான் இல்ல பாய்" என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு வேலையும் ஓடாமல் உட்கார்ந்திருந்தேன்.

"எனக்கு வேணாம் பாய்" என்றான்.

"ஏன்டா?"

"வண்டி பின்னாடி நம்பர் எழுதியிருக்கு. பெயிண்டர தேடி எவன் அலையிறது?"

"நம்பர் மாறாது. அதே நம்பர அப்படியே இதுக்கு மாத்திக்கலாம்."

"அதே நம்பரா?"

"அதே நம்பர்."

"அப்டின்னா இன்னும் மோசம். மொதலாளிக்கு அந்த நம்பரு மனப்பாடம்." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "பாய், துபாய்ல ஏறி உக்காந்தா அந்தாளு விடாம கூப்புடுறான். பாண்டி எங்க இருக்கே, டெம்பரேச்சர் எவ்வளவு, தக்காளி எப்படி இருக்கு. தக்காளிகிட்டயே பேசுய்யா, இந்தான்னு குடுக்கலாம்னு தோணுது. அந்த ஒன்றர மணி நேரந்தான் எனக்கு லீவு. வருஷத்துக்கு முப்பது நாள் லீவுன்னு ஒப்பந்தத்துல போட்டிருக்கான், அது கெடைக்கல. இதையும் புடுங்கணுமா?"

"சிரிக்காம சொல்லு, உனக்கு அங்க ஏதாவது ஆச்சுன்னா?"

"நமக்கென்ன ஆகப் போகுது? யஹ்யா பாய்கூட அந்த எடத்த..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். யஹ்யா என்ன சொல்வான் என்று எனக்கும் தெரியும். அந்த ஒன்றரை மணி நேரம் எனக்கும் அல்லாவுக்கும் மட்டும் என்பான்.

அப்போதே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் சிம்மை வாங்கிக்கொண்டு போயிருப்பான். அதை விட்டுவிட்டு, "என்னை ஒரு தடவ கூட்டிட்டுப் போ" என்றேன்.

"எங்க?"

"ஹைமா வரைக்கும்."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "வெள்ளிக்கெழம ஜும்ஆ முடிஞ்சதும் எம்ப்டியா போறேன். வாங்க. ஆனா வண்டியில ஏசி சரியில்ல, சொல்லிட்டேன்."

யஹ்யா போனபிறகு நான் தும்ரைத்தைத் தாண்டியதில்லை. லாரி மலை ஏறி இறங்கியது. அப்புறம் இரண்டு பக்கமும் ஒன்றுமே இல்லை. முன்கண்ணாடிக்குக் கீழே இரண்டு போன்களை நிறுத்தி வைத்திருந்தேன். ஒன்று என்னுடையது, பழைய சிம். இன்னொன்று கடையில் இருந்த மலிவுப் போன், அதில் ராதிகா கொடுத்த சிம். பாண்டித்துரை பேசிக்கொண்டே வந்தான். ஊரில் கட்டும் வீடு, மாமனாரோடு சண்டை, சுவரில் அடித்த ரோஸ் நிறம். "ரோஸு வேணாம்னேன் பாய். பாத்ரூமுக்கு அடிச்சா பரவால்ல, வாசலுக்கு அடிச்சிருக்கா எம் பொண்டாட்டி."

தும்ரைத்துக்கு அப்பால் ஒரு மணி நேரம் போனதும் என் போனில் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. பிறகு அந்த வரி வந்தது. பக்கத்திலிருந்த மலிவுப் போனில் கோடு சட்டென்று எல்லாம் போய், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரும்ப இரண்டு வந்து நின்றது.

இன்னும் நாற்பது நிமிடம் போனபின் பாண்டித்துரை வேகத்தைக் குறைத்தான். நான் கேட்கவில்லை. அவனாகவே எதிர்ப்பக்கத்துக்குத் திருப்பி, கோட்டுக்கு வெளியே போய் நிறுத்தினான்.

"இங்கதான் பாய்."

இறங்கினேன். கறுப்புச் சரளை. ஒரு கிலோமீட்டர் பலகை. கிழிந்த டயர்த் துண்டு ஒன்று. நான் ஏதாவது அடையாளம் இருக்கும் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. காற்று மட்டும் விடாமல் அடித்தது. ஃபாத்திஹா ஓதிவிட்டுக் கண்ணைத் திறந்தபோது வடகிழக்கில் அது தெரிந்தது. சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட ஒல்லியான கோபுரம். நடந்தால் இருபது நிமிடத்தில் போய்த் தொடலாம்.

"அது எந்த டவர் பாய்?"

"வேற கம்பெனி."

"அன்னைக்கும் இருந்துச்சு. நான் பாத்தேன்."

"இருந்திருக்கும்."

இதற்கு மேல் தள்ளிப்போட இடமில்லை. என் போனை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். "இந்த வரிக்கு சிக்னல் இல்லேன்னு அர்த்தம் இல்ல பாண்டி. நாலு ஒன்பத அமுக்கினா இந்த டவர் வழியா போகும். போலீஸ் வரும், ஆம்புலன்ஸ் வரும். யஹ்யா எங்கிட்ட கேட்டான். நான் சிக்னல் இல்லேன்னு சொல்லிட்டேன். அவன் பதினோரு தடவ எனக்கு அடிச்சிருக்கான்."

அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கும் நீங்கதான பாய் சொன்னீங்க."

"உனக்குமா?"

"நானும் கேட்டேன், ரம்ஜான் சமயம். நீங்க அதேதான் சொன்னீங்க. நான் இன்னொரு வண்டி ஓட்டுற ராஜிக்குக்குச் சொன்னேன். அவன் பெங்காலிக, பட்டாணிக எல்லாருக்கும் சொன்னான். இந்த ரூட்டுல ஓடுற அத்தன பேருக்கும் இதுக்கு அதுதான் அர்த்தம்."

எனக்கு அது நினைவில் இல்லவே இல்லை. யஹ்யாவிடம் சொன்னது ஒன்றுதான் என்று எட்டு மாதமாக நினைத்திருந்தேன்.

பாண்டித்துரை போனை என்னிடம் கொடுத்துவிட்டு லாரியைச் சுற்றிப் போனான். ஒவ்வொரு டயராகக் காலால் உதைத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் உதைத்து முடித்து மறுபக்கமாக வந்தான். கண் சிவந்திருந்தது, மணலாகவும் இருக்கலாம்.

"நாப்பது நிமிஷம் திரும்பி ஓட்டினேன் பாய். என் போன்லயும் அந்த வரி இருந்துச்சு. இங்கயே நின்னு அமுக்கியிருக்கலாம்."

"உனக்குத் தெரியாது."

"தெரியாதுதான். ஆனா ஒண்ணு சொல்றேன். நான் கதவத் தெறந்தப்பவே அவரு போயி ரொம்ப நேரம் ஆச்சு. என் நாப்பது நிமிஷத்தால ஒண்ணும் மாறல. நீங்க சரியாச் சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது." மூக்கைத் துடைத்துக்கொண்டான். பிறகு கையை நீட்டினான். "அந்தச் சிம்ம குடுங்க."

"லீவு போச்சேடா."

"மொதலாளி கூப்பிட்டா எடுக்கணும்னு சிம்முல எழுதியிருக்கா?"

இரண்டாவது சிம்மை அவனுக்குக் கொடுத்தேன். என் கையிலிருந்த மலிவுப் போனில் இரண்டு கோடுகள் அப்படியே நின்றன. அது வேலை செய்கிறதா என்று பார்க்க யாரையாவது கூப்பிட வேண்டும். காயல்பட்டினத்தில் யஹ்யாவின் மனைவி ஹிஃப்ஸாவைக் கூப்பிட்டேன்.

"யாரு காக்காவா? புது நம்பரா இருக்கு. என்ன இவ்வளவு காத்து, எங்க இருக்கிய?"

"ஹைமாவுக்கு இங்கிட்டும்மா. அந்த எடத்துல."

"அங்கேந்து பேச முடியாதுன்னுல்ல அவங்க சொல்லுவாங்க."

"இப்ப முடியுது."

சொன்னேன். முழுவதையும், பாண்டித்துரையிடம் சொன்னதைவிட மெதுவாக. அவள் நடுவில் ஒன்றும் கேட்கவில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று இரண்டு தடவை போனைப் பார்த்தேன். அறுபடவில்லை.

"பதினோரு தடவையும் உங்களையேதான் கூப்பிட்டாங்களா?"

"ஆமா."

"என்னைய ஒரு தடவகூட கூப்பிடல?"

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன், அழுவாள் என்றும். இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "இல்லம்மா" என்றேன்.

"நான் பயந்துருவேன்னு நெனச்சிருப்பாங்க." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நீங்க இத இத்தன நாளு வெச்சிட்டே இருந்திருக்க வேணாம், காக்கா. சரி, இப்ப என்ன செய்யப் போறிய?"

"தெரியல."

"சரியான அர்த்தத்த எழுதி உங்க கடையில ஒட்டுங்க. அந்த ரோட்டுல போறவங்க வீட்லயும் ஆளு இருக்குல்ல."

எழுதினேன். தமிழில் எழுத ஒரு இரவு போதுமானதாக இருந்தது. மற்றதெல்லாம் கஷ்டம். மலையாளத்துக்கு எதிர் ஹோட்டல்காரர், பெங்காலிக்கு முடிதிருத்தும் கடைக்காரர், உருதுவுக்குப் பள்ளிவாசல் ஹஸ்ரத், அரபிக்கு என் கடை உரிமத்தைத் தன் பெயரில் வைத்திருக்கும் ஓமானி அர்பாப். எல்லாரிடமும் எழுதி வாங்கியபின், வேறொரு ஆளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லி, என்ன புரிந்தது என்று கேட்டேன். பெங்காலியை மூன்று தடவை திருத்த வேண்டியிருந்தது. இந்த வரி வந்தால் உதவி பக்கத்தில் இருக்கிறது, நாலு ஒன்பது அழுத்து. ஐந்து மொழியிலும் இதுதான். அந்த வரியின் படத்தைப் பெரிதாக அச்சடித்து மேலே ஒட்டினேன். யஹ்யா எடுத்த படம் அது.

புதுச் சிம் கேட்டு வருகிறவர்களிடம் இதைத் திருப்பிச் சொல்ல வைத்துத்தான் சிம்மைக் கொடுத்தேன். டிரைவர்கள் கேலி செய்தார்கள். "பாய், பரீச்சையில ஃபெயிலானா சிம்மு கெடையாதா?" என்று ஒருவன். "கலீல் பாய் கடையில ரீசார்ஜ் பண்ணப் போனா பாடம் நடத்துறாரு" என்று இன்னொருவன். ராஜிக் ஒருநாள் வாசலில் நின்று, கைகட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைபோல் சத்தமாக ஒப்பித்துவிட்டு "உள்ள வரலாமா சார்?" என்றான். கடையே சிரித்தது. ஆனால் அவன் ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தான்.

ராதிகா துபாயிலிருந்து கூப்பிட்டாள். "அங்கிள், சலாலாவுலயே உங்க கடையிலதான் அதிகமா ஆக்டிவேட் ஆகுது. என்ன ஸ்கீம் குடுக்கறீங்க?"

"ஒரு வரி சொல்லிக் குடுக்குறேம்மா."

"சீரியஸ்லி?"

"சீரியஸ்தான். இன்னொண்ணு எழுதிக்கோ. நடுவுல இருபது கிலோமீட்டர் உங்க சிம்மும் செத்துடுது. அங்க யாரு டவரும் இல்ல. மேப்புல அந்த எடத்துல பச்சைய எடுத்துடு."

"ஓகே அங்கிள்" என்றாள். அடுத்த மாதம் வந்தபோது எடுத்திருந்தாள். அந்த இடம் வெள்ளையாக இருந்தது.

எல்லோரையும் புதுச் சிம்முக்கு மாற்றிவிட்டு நான் மட்டும் மாறாமல் இருந்தேன். எண் மாறாது என்று நூறு பேருக்குச் சொல்லியிருப்பேன். இருந்தாலும் யஹ்யா பதினோரு தடவை அழுத்திய எண் பழைய சிம்மில் இருந்தது. அதைக் கழற்ற விரல் வரவில்லை. மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கடையைத் திறந்ததும் விண்ணப்பத்தை அனுப்பினேன். பழையது அணைந்து புதியது பிடிக்க இரண்டு மணி நேரம் ஆகும் என்று தகவல் வந்தது. அணைவதற்குள் பாண்டித்துரையைக் கூப்பிட்டேன். அவன் அவீரில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தான்.

"பாண்டி, ரெண்டு மணி நேரம் நான் இல்ல."

அந்தப் பக்கம் யாரோ வெங்காயம் வெங்காயம் என்று கத்தினார்கள். "சரி பாய்" என்றான்.

பதினொன்றரைக்குப் போன் அடித்தது. அதே எண்ணில், அதே மணி ஓசையில். "ரெண்டே கால் மணி நேரம் ஆச்சு பாய், ஒரு போன் பண்ணக் கூடாதா?" என்று அவன் என்னை ஏசினான். பத்து மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் கடையில் சத்தமாகச் சிரித்தேன் என்று எதிர் ஹோட்டல்காரர் பிறகு சொன்னார்.

ஜூன் மாதம் சலாலாவில் சாரல் தொடங்கியது. மலை முழுக்கப் பனிமூட்டம், வெளியூர்க் கார்கள், கடையில் நிற்க இடமில்லை. ஒருநாள் மூன்றேகால் மணிக்குப் பாண்டித்துரை கூப்பிட்டான். ஹைமாவிலிருந்து புறப்பட்டதாகச் சொல்லி முக்கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. அந்த நேரத்தில் அந்த இடத்திலிருந்து அந்தப் பெயர் என் போனில் வந்ததைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுந்துவிட்டது.

"என்னடா? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல பாய். நடு ரோட்டுல ஒரு ஒட்டகம் நிக்கிது. பத்து நிமிஷமா ஹாரன் அடிக்கிறேன், அசைய மாட்டேங்குது. மூஞ்சியப் பாத்தா மொதலாளி மாதிரியே இருக்கு. அதான் உங்களுக்குக் காட்டலாம்னு. வீடியோ போடவா?"

போட்டான். கறுப்புச் சரளை, தார் ரோடு, நடுவில் ஒரு ஒட்டகம் அசைபோட்டுக்கொண்டு நின்றது. அதன் பின்னால், தூரத்தில், சிவப்பு வெள்ளைக் கோபுரம். கடையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்து அவரவர் முதலாளி பெயரைச் சொன்னார்கள். ஒட்டகம் தானாக நகரும் வரைக்கும் நாங்கள் ஒன்பது நிமிடம் பேசிக்கொண்டிருந்தோம், ஒன்றுமில்லாத விஷயங்களை. வாசலுக்கு இரண்டாம் தடவையும் ரோஸ்தான் அடித்தார்களாம்.

இப்போது ஹைமாவிலிருந்து அவன் "நான் இல்ல" என்று சொல்வதில்லை. தேவையில்லை. ஆனால் பங்கில் வண்டியை நிறுத்தியதும் கூப்பிடுவதை மட்டும் விடவில்லை. நேற்றும் கூப்பிட்டான். ஒரு வாய் உறிஞ்சும் சத்தம் கேட்டது, அப்புறம் அந்த டீக்கடைக்காரனுக்கு ஒரு வசை. இஞ்சி என்று விரலால் காட்டிக்கூடக் கேட்டானாம். ஏலக்காய்தான் போட்டிருக்கிறான்.